புதன்கிழமைப் படம்

2 மார்ச் 1999

அக்காவுக்கு,

போனை நீ எடுப்பதாக இல்லை. மாடிவீட்டு டீச்சர் நம்பருக்கு அடித்துக் கூப்பிடச் சொன்னால், "உங்க அக்கா குளிச்சிட்டிருக்காங்க" என்று மூன்று நாளும் அதே பதில். ஒரு மனுஷி எத்தனை தடவைதான் குளிப்பாள்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள். கீபோர்டில் தட்டித் தட்டிக் கைக்கு எழுத்து மறந்துவிட்டது.

அம்மா போய், நாலு நாள் இருந்துவிட்டு நான் கிளம்பியபோது பஸ் ஏறும் வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்த பிறகுதான் அது துக்கம் மட்டும் இல்லை என்று உறைத்தது. அதனால் நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு எனக்கு மாநாட்டில் பேனல். மேடையில் நாலு நாற்காலி போட்டு, நாலு கம்பெனிக்காரர்களை உட்கார வைத்து, இன்டர்நெட்டில் வீடியோ வருமா வராதா என்று நெறியாளர் ஒருவர் வாயைக் கிளறுவார். மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் "வரும், வரும்" என்று பேச்சிலேயே பந்தல் போட்டார்கள், ஒருவன் ஏதோ கால்பந்தாட்டத்தை ஓட்டினான். நான் ஒருத்தன்தான் வீட்டில் இருக்கும் ஆளையே காட்டினேன். சாதாரண டெலிபோன் லைன் வழியாக, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அம்மாவை. தீப்பெட்டி அளவுப் படம்தான், ஆனாலும் அவள் தலையைத் திருப்பியது தெரிந்தது. முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்தேகாலுக்கு லைன் அறுந்துவிட்டது. படம் அப்படியே நின்றுபோனது. நின்ற படத்தில் அம்மா கட்டிலில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செய்திருக்க முடியும், சொல்.

இப்போது இரண்டு காரியம். அம்மா அறையில் நான் வைத்துவிட்டு வந்த கேமராவும் கம்ப்யூட்டர் பெட்டியும் கம்பெனியுடையவை. பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி பார்சலில் போட்டுவிடு. சுவிட்ச் போட்டுப் பார்க்காதே, உள்ளே இருப்பது கெட்டுவிடும். இன்னொன்று, ஏப்ரல் பதினாலாம் தேதி இதைவிடப் பெரிய மாநாடு. அதில் அம்மா நினைவாக அந்தப் படத்தை மறுபடி காட்ட எங்கள் முதலாளி ஆசைப்படுகிறார். மகளின் சம்மதமும் வேண்டுமாம். படிவம் இணைத்திருக்கிறேன். பத்திரிகையில் வந்த துண்டையும் வைத்திருக்கிறேன், பார். "தூரத்திலிருந்து தாயைக் காக்கும் மகன்" என்று தலைப்பே போட்டுவிட்டார்கள். அம்மா இருந்திருந்தால் தெருவுக்கே படித்துக் காட்டியிருப்பாள்.

சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை என்று பட்டினி கிடக்காதே.

தம்பி


9 மார்ச் 1999

தம்பி,

குளிக்கிறேன் என்று டீச்சரைச் சொல்லச் சொன்னது நான்தான். அந்த அம்மாளுக்குப் பொய் சொல்ல வராது, அதனால்தான் மூன்று நாளும் அதையே சொல்லியிருக்கிறார். உனக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, விதவிதமாக வரும்.

நீ நேராகச் சொன்னாய் அல்லவா, நானும் நேராகச் சொல்கிறேன். நம் வீட்டில் இருப்பது ஒரே லைன். கேமரா ஓடினால் யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராது, தனியாக இருக்கும் நேரத்தில் போனும் இல்லாமல் எப்படி என்று போன வருஷம் உன்னோடு நான் சண்டை போட்டேன். நீ என்ன சொன்னாய்? "எங்கேஜ்டு வந்தா நான் பார்த்துட்டிருக்கேன்னு அர்த்தம்க்கா. நீ நிம்மதியா வேலையைப் பாரு." நானும் வேலையைப் பார்த்தேன்.

அன்று பிள்ளைகளுக்கு செய்முறைத் தேர்வு. அமில பாட்டில்களை நாற்பது பிள்ளைகளிடம் விட்டுவிட்டு லேப் உதவியாளரான நான் நகர முடியாது. முந்தின நாளே உன்னிடம் கேட்டேன். "நான் இருக்கேன்ல, போக்கா" என்றாய். பத்தரைக்கு ஆபீஸ் போனில் வீட்டுக்கு அடித்தேன். எங்கேஜ்டு. பதினொன்றே முக்காலுக்கு அடித்தேன். எங்கேஜ்டு. "தம்பி பார்த்துட்டிருக்கான்" என்று ஹெட்மாஸ்டரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய் டீ குடித்தேன். டீ குடித்தேன், கேட்டுக்கொள். ஒன்று பத்துக்கு வீட்டுக் கதவைத் திறந்தால் அம்மா தரையில் கிடக்கிறாள். கண் மட்டும் அசைகிறது. ஆஸ்பத்திரியில் நாலு மணிக்கு முடிந்தது. "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

உன்னிடம் இரண்டு கேள்வி. பத்தேகாலுக்கு லைன் அறுந்ததென்றால் பதினொன்றே முக்காலுக்கு எப்படி எங்கேஜ்டு வந்தது?

இரண்டாவது, நீ பெருமையாக அனுப்பிய பத்திரிகைத் துண்டில் மேடைத் திரையின் போட்டோ இருக்கிறது. கலர் போட்டோ. திரையில் அம்மா பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். அது புதன்கிழமை போட்டது. அதன் மேல் கஞ்சி கொட்டிவிட்டாள். வியாழன் காலை எட்டு மணிக்கு அதைக் கழற்றி வாளியில் ஊறப் போட்டுவிட்டு, பழைய சாம்பல் நிற நைட்டியை மாட்டிவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோதும் ஸ்வெட்டர் வாளியில்தான் இருந்தது. அப்படியானால் நீ வியாழக்கிழமை யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?

பூசி மெழுகாமல் எழுது. பெட்டி இங்கேயே இருக்கட்டும்.

அக்கா


16 மார்ச் 1999

அக்கா,

நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்.

சரி, அது புதன்கிழமைப் படம்தான். போதுமா? இதைப் பெரிய மோசடி என்று நினைக்காதே. இந்தத் தொழிலில் மேடையில் யாரும் நேரடியாகக் காட்டுவதில்லை. மண்டபத்து லைன் எப்போது காலை வாரும் என்று யாருக்கும் தெரியாது. பேனலுக்கு அனுப்பும்போதே முதலாளி சொல்லித்தான் அனுப்புவார், "முந்தின நாள் படத்தை லேப்டாப்ல வச்சுக்கோ, அதை ஓட்டிட்டு 'நேரடி'ன்னு சொல்லு." என் பக்கத்து நாற்காலிக்காரன் காட்டிய கால்பந்தாட்டம்கூடப் போன மாதத்து ஆட்டம். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்துதான் கைதட்டுகிறார்கள்.

உண்மையான படத்தையும் ஒரு ஓரத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. பேசுகிறவர்களுக்கு மண்டபத்தில் ஒரே ஒரு லைன் கொடுத்தார்கள், அதையும் கால்பந்துக்காரன் பிடித்துக்கொண்டான். பேனல் பதினொன்றுக்கு முடியும், ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். முடிந்ததும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். கார்டு கொடுக்கிறார்கள், தோளில் தட்டுகிறார்கள். அப்புறம் சாப்பாடு. பத்தேகால், லைன் அறுந்தது எல்லாம் நானாகச் சொன்னது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாப் பழியும் எனக்கா? ஒரு நாள் லீவு போட உனக்கு முடியவில்லை. செய்முறைத் தேர்வாம், பெரிய தேர்வு. ஜனவரியில் போனில் நீ என்ன சொன்னாய்? "இவளைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. இவளுக்கும் விடிய மாட்டேங்குது, எனக்கும் விடிய மாட்டேங்குது." உனக்கு இப்போது விடிந்துவிட்டது. என்னை வைத்து அழுது தீர்த்துக்கொள்கிறாய்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்க மனமில்லை, அப்படியே போடுகிறேன். பெட்டியை மட்டும் அனுப்பிவிடு, கெஞ்சிக் கேட்கிறேன். அதைத் திறக்காதே.

தம்பி


25 மார்ச் 1999

தம்பி,

திறந்துவிட்டேன்.

ஒரு தடவை திறக்காதே என்றிருந்தால் விட்டிருப்பேன். இரண்டு தடவை சொன்னாய். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் சாரைக் கூட்டி வந்தேன். பாவம், நல்ல மனுஷன். என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் வாசலில் போய் நின்றுகொண்டார். அனுப்பும் படம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, எல்லாவற்றையும் ஒரு பிரதி பெட்டிக்குள்ளும் வைக்கும்படி நீ அமைத்திருக்கிறாயாமே. படம் மட்டும்தான் லைனில் போகும், சத்தம் போகாது. ஆனால் சத்தமும் பெட்டிக்குள் பதிவாகும். அவர்தான் சொன்னார். உனக்கு இது தெரியும், அதனால்தான் அத்தனை கெஞ்சல்.

பார்த்ததை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

புதன்கிழமை சாயங்காலம் நீ அவளுக்கு போன் பண்ணியிருக்கிறாய். என்னிடம் சொல்லவே இல்லை, நீயும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய பெரிய ஆளுங்க உன்னைப் பார்ப்பாங்கம்மா, நல்லா உட்காரு" என்று சொல்லியிருக்கிறாய். எப்படித் தெரியும் என்றால், அவளே கேமராவைப் பார்த்துச் சொல்கிறாள். காலை ஒன்பதே முக்கால். "பத்து மணிக்குத்தானே? இருடா, இந்தக் கிழிசலோடயா என்னை எல்லாருக்கும் காட்டப் போறே?" என்று சிரிக்கிறாள். வரும் கையால் தலை வாரிக்கொள்கிறாள். நாற்காலியில் கிடந்த நல்ல ஸ்வெட்டரை எடுக்க எழுந்திருக்கிறாள். பச்சை ஸ்வெட்டரை நான் ஊறப் போடாமல் இருந்திருந்தால் எழுந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பங்கு என்னுடையது, உனக்குத் தர மாட்டேன்.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு விழுகிறாள்.

போன் வயரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளுகிறாள். காதில் வைக்கிறாள். உன் மோடம் கிறீச்சென்று கத்துவது பதிவில்கூடக் கேட்கிறது. அவள் எடுத்ததும் லைன் அறுந்து அந்தச் சத்தம் நிற்கிறது. அம்மாவுக்கு நம்பர் சுற்ற ஒரே கை. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு மூன்றாவது எண்ணுக்கு வருவதற்குள் பெட்டி தானே மறுபடி டயல் செய்கிறது. லைன் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று நீ அப்படி வைத்திருக்கிறாயாம். மறுபடி கிறீச். ஐந்து தடவை முயற்சி செய்தாள். நான் எண்ணினேன். என்னுடைய எங்கேஜ்டு அதுதான்.

பிறகு கேமராவைப் பார்க்கிறாள். உதவி கேட்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள். "காட்டாதடா. எல்லாரும் பார்க்கிறாங்க. துணி விலகிக் கிடக்குது, கேமராவை அந்தப் பக்கம் திருப்புடா கண்ணு." முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து வெட்கப்பட்டாள். அரை மணி நேரம் அந்தக் கை ஆடியது. ஒருத்தனும் பார்க்கவில்லை என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். கடைசியில், "வேலையா இருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினொன்று இருபதுக்குப் பிறகு பேச்சு இல்லை. ஒன்று பத்துக்கு நான் படத்துக்குள் வருகிறேன், கையில் பையோடு.

ஜனவரியில் நான் சொன்னதாக எழுதினாயே, சொன்னேன்தான். ஒன்பது வருஷம் தூக்கினவள் சொல்வாள். நீ ஒரு நாள் தூக்கியிருந்தால் நீயும் சொல்லியிருப்பாய்.

பதிவை சார் ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தார். இத்துடன் இருக்கிறது. நீ மட்டும் பார்ப்பதற்கு. படிவத்தில் புதன்கிழமைப் படத்துக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டேன், ஒரே ஒரு நிபந்தனை. பதினாலாம் தேதி அதே மேடையில், அதே ஆட்கள் முன்னால், உன் வாயால் சொல்ல வேண்டும்: "அன்னைக்கு நான் பார்க்கலை. அது முந்தின நாள் படம். அந்த நேரத்துல எங்க அம்மா தரையில கிடந்தாங்க." மூன்று வாக்கியம். அதைச் சொன்னால் நீ எனக்குத் தம்பி. இல்லாவிட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே.

அக்கா


4 ஏப்ரல் 1999

அக்கா,

பார்த்தேன். முதலில் சத்தம் இல்லாமல் பார்த்தேன். அப்புறம் சத்தத்தோடு. அதற்கப்புறம் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

நான் ஜனவரியைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். நீ அடிக்க மாட்டாய், தெரியும்.

சொல்கிறேன். மூன்று வாக்கியத்தையும் சொல்கிறேன். முதலாளியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மேடையே ஏற விட மாட்டார். சொன்ன பிறகு இந்தத் தொழிலில் எவனும் என்னைச் சேர்க்க மாட்டான், மேடையில் நேரடி என்று சொன்ன ஒவ்வொருத்தன் குட்டும் வெளியே வரும். இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் ஆகாதா? "அன்னைக்கு லைன் சரியில்லை" என்று ஆரம்பித்து மெதுவாக அதற்கு வருகிறேனே.

நீயும் வாயேன். முன்வரிசையில் நீ உட்கார்ந்திருந்தால் எனக்கு வாய் வரும்.

தம்பி


8 ஏப்ரல் 1999

தம்பி,

வர முடியாது. பரீட்சை நடக்கிறது. என்னைப் பார்த்துப் பயந்து சொல்வதானால் அது எனக்கு வேண்டாம்.

லைன் சரியில்லை என்று ஆரம்பித்தால் லைனிலேயே முடிப்பாய். உன்னைப் பெற்றவளைவிட எனக்கு உன்னைத் தெரியும். வேலை போனால் போகட்டும். வேலை போனவர்களை எல்லாம் தரையில் கிடத்திவிட்டு யாரும் போய்விடுவதில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்த சி.டி.யை யாருக்கும் காட்டாதே. அவள் உன்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். வாயால் சொன்னால் போதும்.

சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறு. உன் கட்டிலில் இருந்த துணி மூட்டைகளை எடுத்து உதறிப் போட்டுவிட்டேன். சோறு வைத்துக் காத்திருப்பேன்.

அக்கா


17 ஏப்ரல் 1999

அக்கா,

இரண்டு நாள் காத்திருந்திருப்பாய்.

நான் சொல்லவில்லை. ஆனால் எப்படிச் சொல்லாமல் போனேன் என்பதையாவது உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

மேடை ஏறும்போது மூன்று வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தன. அறுநூறு பேர். நெறியாளர் பழைய ஆள்தான். எழுந்து நின்று, "போன தடவை நம்ம எல்லாரையும் எழுந்து நிக்க வச்ச அம்மா இப்போ இல்லை. மகன் பேசுவார்" என்றார். வாய் வரவில்லை, அக்கா. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், படமே சொல்லட்டும் என்று எனக்கு நானே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். அந்த சி.டி. சட்டைப் பையில்தான் இருந்தது. நீ காட்டாதே என்றாய், அவளும் காட்டாதே என்றாள். போட்டேன்.

பெரிய திரை, உனக்கு அது தெரியாது. தீப்பெட்டிப் படத்தை அதில் ஊதிப் பெரிதாக்கினால் எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பீரோ மேலிருந்து எடுத்த படம். தரையா மெத்தையா என்று யாருக்கும் புரியவில்லை. மேடையில் எப்போதுமே நாங்கள் சத்தம் கொடுப்பதில்லை, அதனால் ஸ்பீக்கர் வயரே போட்டிருக்கவில்லை. அதை நான் அப்போதுதான் கவனித்தேன். திரையில் தெரிந்ததெல்லாம் ஒரு வயதானவள் முகமும், இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு கையும்தான்.

நெறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கில் சொன்னார், "பாருங்க. நமக்கெல்லாம் கையசைக்கிறாங்க."

முன்வரிசையில் ஒரு பெண் முதலில் கையசைத்தாள். பிறகு ஒவ்வொரு வரிசையாக. அறுநூறு பேரும் எழுந்து நின்று அம்மாவுக்குக் கையசைத்தார்கள். பாதிப் பேர் அழுதார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், அக்கா. நானும் கையைத் தூக்கி அசைத்தேன்.

இறங்கி வந்ததும் முதலாளி கட்டிப்பிடித்துக்கொண்டார். "புதன்கிழமைப் படத்தை விடு. அதுல உங்கம்மா சும்மா உட்கார்ந்திருக்காங்க, இதுல அசைவு இருக்கு" என்றார். இந்த வருஷம் இன்னும் ஐந்து ஊரில் மாநாடு இருக்கிறது. ஐந்திலும் இதையே போடுவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. என்னைக் கேட்டார்கள். சரி என்றேன்.

வீட்டுக்கு நான் வரவில்லை. கட்டிலில் மூட்டைகளைத் திரும்ப வைத்துக்கொள்.

நீ போட்ட கையெழுத்து புதன்கிழமைப் படத்துக்கு மட்டும்தான் செல்லுமாம். இதற்குத் தனியாக வேண்டுமாம். புதுப் படிவம் இத்துடன் இருக்கிறது, தேதியை நானே போட்டுவிட்டேன். பென்சிலில் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, மாதக் கடைசிக்குள் அனுப்பி வை.

தம்பி